அக்கா பதில்கள்: புலிக்கதை சொன்ன பாட்டி

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஆறு வயசு. 'த டைகர் ஹூ கேம் டு டீ'ன்னு, டீ குடிக்க ஒரு வீட்டுக்குப் புலி வர்ற கதைப் புக்க தினம் ராத்திரி நான் தமிழ்ல சொல்லணும், இல்லாட்டி தூங்க மாட்டா. இப்ப அத எழுதுன ஜூடித் கெர் பாட்டிக்கு லெட்டர் போடணுமாம், புலி எங்க வீட்டுக்கு எப்ப வரும்னு கேக்கணுமாம், படமெல்லாம் வரைஞ்சு வெச்சிருக்கா. அட்ரஸ் தேடி நெட்டுல பாத்தா அவங்க 2019லயே இறந்துட்டாங்க. சொன்னா புள்ள ஏங்கிப்போயிரும், பாட்டி ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிருன்னு மாமியார் சொல்றாங்க. என்ன செய்ய?
- ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: சொல்லிருங்கம்மா. இறந்துட்டாங்கன்னே சொல்லுங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு மட்டும் வேணாம், எங்க அப்பத்தா செத்தப்ப எனக்கு அஞ்சு வயசு, ஊருக்குப் போயிருக்குன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க, நானும் சோழவந்தான் பஸ் ஹாரன் கேக்குறப்பல்லாம் வாசலுக்கு ஓடுவேன், எத்தன மாசம் ஓடுனேன்னு எனக்கே தெரியாது. யாரும் வேணும்னு செஞ்சதில்ல, பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா அந்தக் காத்திருப்பு இருக்கே, அது அழுகுறதவிட ரொம்பக் கொடுமை.

அந்தப் பாட்டியே புள்ளைங்ககிட்ட சாவ மறைக்கல, தெரியுமா? மாக்னு ஒரு மறதிப் பூனைய வெச்சு 1970ல இருந்து வரிசையா புக்கு எழுதுனாங்க. திருடன் வந்தப்ப தெரியாத்தனமா கத்தி அவனப் புடிச்சுக் குடுத்து, மெடலும் தினம் ஒரு முட்டையும் பரிசா வாங்குன பூனை அது. அந்தப் பூனைய 2002ல 'குட்பை மாக்'னு ஒரு புக்குல அவங்களே சாக விட்டாங்க. வீட்ல எல்லாரும் அழுகுறாங்க, மாக்கோட ஒரு துளி மட்டும் முழிச்சிருந்து அடுத்து என்ன நடக்குதுன்னு பாக்குது, புதுசா வந்த பயந்தாங்கொள்ளி குட்டிக்கு தைரியம் குடுக்குது. கெடச்சா வாங்கி மகளோட சேந்து படிங்க. ஒண்ணு மட்டும், அதுல மாக் எப்பவுமே தூங்கணும்னு நெனைக்கிற மாதிரி வரும், அந்த எடத்துல "செத்துப்போச்சு"ன்னு ஒரு வார்த்தைய நீங்க சேத்துக்கங்க, இல்லாட்டி அன்னிக்கு ராத்திரி படுக்கவே பயப்படுவா.

இன்னொன்னும் சொல்லுங்க. 95 வயசு வரைக்கும் இருந்தாங்க, கடைசி வரைக்கும் படம் போட்டாங்க, கதை எழுதுனாங்க, அவங்க இறந்தது மே மாசம், கடைசி புக்கு வெளிய வந்தது ஜூன் மாசம். லெட்டரக் கிழிச்சுப் போட்டுறாதீங்க, அந்தப் புலி புக்குக்குள்ளயே வெச்சிருங்க. அந்தக் கதையே அவங்க சொந்த மகளுக்கு தூங்கப்போறப்ப வாயால திரும்பத் திரும்பச் சொன்னதுதான், அப்புறந்தான் 1968ல புக்காச்சு. நீங்க ராத்திரி செய்யுறதும் அதே வேலைதாம்மா.

கேள்வி: அந்தக் கதையில வர்ற புலி ஹிட்லரோட போலீசுதான்னு ஒருத்தர் பேசக் கேட்டேன். நெசமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: அப்படி சில பேரு சொல்றாங்க. காரணம் இல்லாம இல்ல. கெரோட அப்பா ஆல்ஃப்ரெட் கெர் பெர்லின்ல பெரிய நாடக விமர்சகர், யூதர், ஹிட்லரோட நாஜிக் கட்சிய எதுத்து எழுதுனவர். 1933ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்த கையோட குடும்பமே நாட்ட விட்டுக் கிளம்புச்சு, ஜூடித்துக்கு அப்ப 9 வயசு. அப்பா எழுதுன புக்கையும் நாஜிகள் எரிச்சாங்க. சுவிட்சர்லாந்து, பாரிஸ், அப்புறம் லண்டன். ஆசையா வெச்சிருந்த முயல் பொம்மைய விட்டுட்டு வந்த அந்தக் கஷ்டத்த 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்'னு 1971ல தனியா எழுதிட்டாங்க, அதுல ஹிட்லர் பேரு அட்டையிலயே இருக்கு. சொல்ல வேண்டியத நேராவே சொன்னவங்க அவங்க. புலியப் பத்திக் கேட்டப்ப அது வெறும் புலிதான்னு சொல்லிட்டாங்க, நான் அவங்க பேச்சத்தான் நம்புறேன்.

என் தங்கச்சி மகன்கிட்ட புலி சாப்பாடு எல்லாத்தையும் முடிச்சிட்டு குழாய்ல இருந்த தண்ணி பூராத்தையும் குடிச்சிருச்சுன்னு படிச்சேன். சட்டுனு எந்திரிச்சுப் போய் எங்க வீட்டுக் குழாயத் திருகிப் பாத்தான். அன்னிக்கு எங்க தெருவுக்குத் தண்ணி விடுற நாள் இல்ல. காத்துதான் வந்துச்சு. "இங்கயும் வந்துட்டுப் போயிருக்கு பெரியம்மா"ன்னான், அவ்வளவு சந்தோசம் அவன் மூஞ்சில. கதையில அப்பா ராத்திரி அவங்கள வெளிய கூட்டிட்டுப் போறாரு, அந்த வீட்டுப் பொண்ணு சோஃபி நைட்டிக்கு மேல கோட்டப் போட்டுக்கிட்டு நடக்குறா, தெருவெல்லாம் லைட்டு, ஓரமா ஒரு ஆரஞ்சு கலர் பூனை. அந்தப் பக்கம் வந்ததும் "பரோட்டாக் கடைக்கா?"ன்னு கேட்டான். பத்து மணிக்கு மேல அவுக அப்பா கையப் புடிச்சுக்கிட்டு பரோட்டா சாப்பிடப் போற புள்ளதானே, வேறென்ன கேப்பான்.

மறுபடி வந்தா குடுக்கலாம்னு அவங்க பெரிய டப்பால புலிச்சாப்பாடு வாங்கி வெப்பாங்க, புலி வரவே வராது. அந்த டப்பா இன்னும் அவங்க வீட்ல இருக்குமான்னு கேட்டான். இருக்கும்டான்னேன்.