பெருவிரல் சாய்கிறது, பக்கத்தில் எலும்பு துருத்துகிறது

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கொஞ்ச நாளாக இரண்டு காலிலும் பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்கிறது, அதன் அடிமூட்டில் முண்டு மாதிரி ஏதோ துருத்துகிறது. ஸ்கூல் ஷூ போட்டுவிட்டு வந்தால் அந்த இடம் சிவந்திருக்கிறது. என் அம்மாவுக்கும் இப்படித்தான், ஆனால் வயதானதால் வந்தது என்று நினைத்திருந்தோம். எலும்பு வளர்கிறதா? ஆபரேஷன் செய்துவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: புதிதாக எந்த எலும்பும் வளரவில்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல அடுத்த பாதத்தின் பக்கம் விலகுகிறது, விரல் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது, இரண்டும் சேருகிற மூட்டு கோணலாகி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் தடவிப் பார்க்கிற முண்டு அந்த நீள எலும்பின் தலைதான். எக்ஸ்ரேயில் இந்தக் கோணம் 15 டிகிரியைத் தாண்டினால் டாக்டர் சீட்டில் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று எழுதுவார். விரல் ஓரளவு சாய்ந்த பிறகு அதை இழுக்கிற தசைநாண்களும் இடம் மாறி, சாய்கிற பக்கமே இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் தானாக நேராகிவிடும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை.

உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவருக்கும் லேசாக இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் குடும்பவழி, அதிலும் தாய்வழி அதிகம், பெண் பிள்ளைகளுக்கு அதிகம். மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக உள்ள பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம்.

அப்படியானால் ஷூ காரணமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. 1958-ல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில், ஷூ போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்கு விரல் ஏதோ ஓர் அளவில் சாய்ந்திருந்தது, ஷூவே போடாதவர்களில் 1.9 சதவீதம்தான். ஆஸ்திரியாவில் 858 சின்னப் பிள்ளைகளின் பாதத்தையும் ஷூவையும் அளந்து பார்த்தபோது, ஷூவின் நீளம் போதாத பிள்ளைகளுக்கு விரல் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. நாம் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம், நீளம் குறைந்தாலும் விரல் மடங்க இடமில்லாமல் ஒதுங்கித்தான் போகும். பிறவியிலேயே அந்தப் போக்கு உள்ள காலில் இறுக்கமான ஷூ அதை விரைவுபடுத்துகிறது என்பதுதான் என் கருத்து.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். சாயங்காலம், மகளை வெறுங்காலோடு ஒரு பேப்பரின் மேல் நிற்க வைத்து (உட்காரக் கூடாது, நிற்கும்போதுதான் பாதம் முழுசாக நீளும்) பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். ஷூவின் உள்ளட்டையை எடுத்து அதன் மேல் வையுங்கள். குதிகாலைச் சேர்த்து வைத்தால் நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் கோடு அட்டையைத் தாண்டக் கூடாது. தாண்டினால், முழுப் பரீட்சை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் உடனே மாற்றுங்கள். சாக்ஸ் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான்.

சரி, ஆபரேஷன். வலி தாங்க முடியாமல் நடக்கவே சிரமப்பட்டால் தவிர, இப்போது வேண்டாம். பாதத்தின் நீள எலும்புகளில் மற்ற நான்குக்கும் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளர்கிற இடம், வளர்ச்சி முடிந்ததும் மூடிவிடும்) விரல் பக்கம் இருக்க, பெருவிரலுக்குரியதில் மட்டும் பின்னால், அடிப்பக்கம் இருக்கிறது. கோணலைச் சரிசெய்ய அந்த அடிப்பக்கத்தில் வெட்ட வேண்டி வந்தால் தட்டு பாதிக்கப்பட்டு எலும்பு குட்டையாகிவிடலாம். அது மூடுவதற்கு முன் ஆபரேஷன் செய்தால் விரல் மறுபடி சாய்கிற வாய்ப்பும் அதிகம். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயதில் மூடிவிடும். அதுவரை ஆர்த்தோ டாக்டரிடம் ஆண்டுக்கொரு முறை காட்டி, கோணம் கூடுகிறதா என்று பார்த்தால் போதும். ராத்திரி கட்டிக்கொள்கிற பட்டைகளை ஆன்லைனில் விற்கிறார்கள், சாய்ந்த விரலை அவை நிரந்தரமாக நேராக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கலாம். ஒரு காலில் மட்டும் வேகமாகச் சாய்ந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ அடுத்த ஆண்டு வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: 6 வயது மகனுக்கு இரண்டு சைஸ் பெரிய ஷூ வாங்கினால் இந்தத் தொல்லை வராதா? வீட்டில் செருப்பில்லாமல் ஓடுகிறான், விடலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு சைஸ் பெரிசு வேண்டாம், கால் முன்னால் வழுக்கிப் போய் விரல் நுனி இடிக்கும், தடுக்கியும் விழுவான். மேலே சொன்ன கட்டைவிரல் அகலம் போதும், ஆனால் இந்த வயதில் பாதம் மளமளவென்று வளரும் என்பதால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு தாராளமாக ஓடட்டும்.