தூள் வறுக்கும் வேளையில் தொட்டில் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் தாய்மாரிடமிருந்தும் அவர்களது வீட்டாரிடமிருந்தும் வந்த கடிதங்களில் நான்கினை இவ்விதழில் எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் வீட்டில் கறித்தூள் வறுத்து, ஆலையில் அரைப்பித்து, பொதி செய்து விற்கிறேன். மூத்தவளுக்கு மூன்றரை வயது, முன்பள்ளிக்குப் போகிறாள். இளையவனுக்கு எட்டு மாதம். கணவர் கடையொன்றில் வேலை செய்துவிட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். அம்மா அடுத்த வளவில் இருக்கிறார். பத்துக் கிலோவுக்குப் பொருட்செலவு 18,000 ரூபா, ஆலைக்கூலி 1,200, பையும் ஒட்டுத்தாளும் 800. கிலோ 2,400 ரூபாவுக்கு விற்பதால் 4,000 ரூபா இலாபம் வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் நாற்பது கிலோ கேட்டதால் இரவு பகலாக நின்றேன். ஒரு நாள் சின்னவன் அழுதபடியால் ஆலையிலிருந்து வந்த தூளை ஆறவிடாமல் பையிலிட்டு ஒட்டிவிட்டேன். அந்தத் தூள் கட்டிபட்டு, பூஞ்சண வாடை வருகிறதென்று திரும்பி வந்தது. பிள்ளையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, தொழிலையும் பார்க்கவில்லை என்று மனம் குத்துகிறது. நேரத்தை எப்படிப் பங்கிடுவது? — கோப்பாய்

பதில்: திரும்பி வந்த அந்தத் தூளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குரிய விடை அந்தப் பைக்குள் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் தூள் கைவைக்க முடியாத சூட்டோடு வரும். அதை அகலமான தாம்பாளங்களில் பரப்பி முற்றாக ஆறவிடாமல் பொலித்தீன் பையில் அடைத்தால் உள்ளே நின்ற ஆவி பையின் சுவரில் நீராகப் படிந்து, தூளில் இறங்கிக் கட்டியாகி, சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். நீங்கள் சோம்பலினால் இதைச் செய்யவில்லை. இடையில் விட முடியாத ஒரு வேலையை, எந்நேரமும் அழக்கூடிய ஒரு குழந்தையோடு தனித்திருந்த வேளையில் தொடங்கியதுதான் பிழை.

ஆகவே மணித்தியாலங்களைப் பங்கிடுவதற்கு முன் வேலைகளைப் பிரியுங்கள். செத்தல் மிளகாயின் காம்பு கிள்ளுவது, மல்லி புடைப்பது, ஒட்டுத்தாள் ஒட்டுவது, வட்ஸ்அப்பில் வந்த ஓடர்களைக் கொப்பியில் எழுதுவது ஆகியவற்றை எந்த நிமிடத்திலும் அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம். வறுப்பது அப்படியன்று. மல்லி பொன்னிறத்தைத் தாண்டிக் கருகுவதற்கு ஒரு நிமிடம் போதும். வெந்தயம் அதற்கும் முந்திக்கொள்ளும், அது கருகினால் முழுத்தூளும் கைக்கும். ஆலைக்குப் போவதும், ஆறிய தூளை நிறுத்துப் பொதி செய்வதும் இந்த இரண்டாம் வகைதான். முதல் வகை வேலைகளைப் பிள்ளைகள் அருகில் இருக்கும்போது செய்யலாம். இரண்டாம் வகையை, வீட்டில் இன்னொரு பெரியவர் குழந்தையைப் பொறுப்பெடுத்திருக்கும் நேரத்தில் மட்டுமே தொடங்க வேண்டும்.

முதல் வகையிலும் மிளகாய்க்கு ஒரு விலக்குண்டு. காம்பு கிள்ளிய கையை நீரில் மட்டும் கழுவினால் காந்தல் போகாது; அந்தக் காரம் எண்ணெயில்தான் கரையும். கையில் சிறிது தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து, பிறகு சவர்க்காரமிட்டு இரண்டு முறை கழுவிய பின்னரே குழந்தையின் முகத்தையோ உங்கள் மார்பையோ தொட வேண்டும். மிளகாய் வேலைக்கென்று பழைய சட்டையொன்றை ஒதுக்கி வைத்து, பால் கொடுக்கு முன் அதையும் மாற்றிவிடுங்கள்.

வறுக்கும் நாளில் எட்டு மாதக் குழந்தை அந்த வீட்டில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. செத்தல் மிளகாய் சட்டியில் விழுந்தவுடன் பெரியவர்களே தும்மலும் இருமலுமாக முற்றத்துக்கு ஓடுகிறோம். குழந்தையின் மூச்சுக்குழாயோ மிகச் சிறியது. அம்மா அடுத்த வளவில் இருப்பது பெரிய வசதி. ஆனால் அது எந்தப் பக்கத்து வளவு என்று நீங்கள் எழுதவில்லை. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது உங்கள் குசினிக்கு வடகிழக்கே இருந்தால் புகை முழுவதும் தொட்டிலைத்தான் தேடிப் போகும். அப்படியானால் காற்று எழும்பு முன், விடியற்காலையில் வறுத்து முடித்துவிடுங்கள். அல்லது மூன்று வீடு தள்ளியிருக்கும் யாரிடமாவது அம்மாவையும் பேரனையும் அன்று காலை அனுப்பிவிடுங்கள்.

கிழமையில் இரண்டு காலைகளை வறுப்புக்கென ஒதுக்குங்கள். மூத்தவள் முன்பள்ளியில், சின்னவன் அம்மம்மாவிடம். நேரே போய்ப் பாலூட்டி வருவதற்கு வேலையை இரண்டாக வெட்டி வையுங்கள். மல்லியும் சரக்குகளும் முதலில், இடையில் பால், மிளகாய் கடைசியில். இதைச் சலுகையாக எண்ண வேண்டாம். எமது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தொழிலாளிப் பெண்ணுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வேலை கொடுப்பவர் வழங்க வேண்டும். குழந்தைப் பராமரிப்பிடம் இல்லாத வேலைத்தளமானால் ஒவ்வோர் இடைவேளையும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறையும் உண்டு. உங்களுக்கு வேலை கொடுப்பவர் நீங்களே என்பதால் இவற்றைத் தருவதற்கு வேறொருவர் இல்லை. சென்ற ஆண்டு உங்களுக்கு நீங்களே எத்தனை நாள் விடுமுறை கொடுத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். விடையை ஊகிக்க முடிகிறது.

ஒரு காலையில் ஐந்து கிலோ என்று வைத்தால் கிழமைக்குப் பத்துக் கிலோ. நாற்பது கிலோவுக்கு நான்கு கிழமை வேண்டும். நல்லூர்க் கொடியேற்றம் எப்போது என்பது சித்திரையில் பஞ்சாங்கம் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. அதன்பின் 25 நாள் திருவிழா. வந்தவர்கள் திரும்பிப் போகும்போதுதான் தூளைப் பெட்டியில் வைக்கிறார்கள். நன்றாக உலர்ந்து, ஆறி, காற்றுப் புகாமல் அடைத்த தூள் சில கிழமை இருப்பதால் கெடாது. ஆகவே கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே “இத்தனை கிலோதான், இந்தத் திகதிக்குள் சொல்லுங்கள்” என்று அறிவித்துவிட்டு, அதற்குமேல் கேட்பவர் பெரியம்மாவின் மகளேயானாலும் இல்லையென்று சொல்லப் பழக வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. நாலாயிரம் இலாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தின் மறுபக்கத்தில், வறுத்து அரைத்தபின் ஒன்பதரைக் கிலோதான் மிஞ்சும் என்றும், அதில் அரைக் கிலோ அயலட்டைக்குச் ‘சும்மா’ போகும் என்றும் சொல்கிறீர்கள். ஒன்பது கிலோவை விற்றால் 21,600 ரூபா, செலவு 20,000, மிச்சம் 1,600. காம்பு கிள்ளத் தொடங்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது வரை பதினொரு மணித்தியாலம் என்பதும் உங்கள் கணக்குத்தான். அதாவது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 145 ரூபா, அடுப்புச் செலவு சேர்க்காமல். நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபாவாகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. எட்டு மணித்தியால நாளென்று பார்த்தால் மணிக்கு 150 ரூபா. கைப்பக்குவம் தெரிந்த நீங்கள், எந்தப் பக்குவமும் கேட்காத வேலைக்குரிய கூலியிலும் குறைவாக உழைக்கிறீர்கள்.

நேரப் பிரச்சினையென்று நீங்கள் நினைப்பதில் பாதி இந்த விலைப் பிரச்சினைதான். உங்கள் கூலியையும், பிள்ளையைப் பார்க்கும் அம்மாவின் கூலியையும் கொப்பியில் செலவாக எழுதி, அதற்கேற்ப விலையை உயர்த்தினால், குறைந்த கிலோவில் அதே காசு கையில் நிற்கும். அம்மா காசை வாங்க மாட்டார், வாங்காவிட்டாலும் எழுதுங்கள். எழுதாத கூலி வீட்டாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் “வீட்டில் சும்மா இருந்து செய்கிற அலுவல்தானே” என்ற பேச்சு வருகிறது. கணவரைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள். எட்டு மணிக்கு வருபவரால் எட்டரைக்கு ஒட்டுத்தாள் ஒட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமையில் தூளை ஆறவிட்டு நிறுக்கவும் முடியும்.

பதிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உணவுப்பொருள் என்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே அழைத்து இடத்தைக் காட்டுவது நல்லது. ஒட்டுத்தாளில் சேர்பொருட்கள், நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், முகவரி ஆகியன இருக்க வேண்டும். தொகுதி இலக்கம் இருந்திருந்தால், திரும்பி வந்த பை எந்த நாள் அரைத்தது என்று தேடி, அந்த நாட் தூளை மட்டும் திருப்பி எடுத்திருக்கலாம்.

கேள்வி: தையல் வேலை செய்கிறேன். ஆட்கள் நினைத்த நேரமெல்லாம் படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போதும் அளவெடுக்கச் சொல்கிறார்கள். — மானிப்பாய்

பதில்: படலையில் ஒரு பலகை தொங்கவிடுங்கள்: அளவெடுப்பதும் கொடுப்பதும் பின்னேரம் நாலு முதல் ஆறு வரை. முதல் மாதம் சிலர் முகம் சுளிப்பார்கள். நல்ல தையற்காரி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கும் தெரியும் என்பதால் இரண்டாம் மாதம் நாலு மணிக்கு வருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நான் தென்மராட்சிக்குப் போனபோது மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மாமரத்தின் கீழ் கடன்வாங்கிய காலில் அதைப் பூட்டி, பள்ளிச் சீருடை தைத்தேன். ஒருநாள் மகன் வழமைக்கு மாறாக அமைதியாக இருக்கிறானே என்று திரும்பிப் பார்த்தால், வாய்க்குள் ஒரு பொபின். அன்றிலிருந்து நூற்பெட்டி மாமரக் கொப்பில் கயிற்றில் தொங்கியது. ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைத்தேன். உங்கள் பிள்ளையும் தவழும் வயதென்றால், வேலை முடிந்ததும் நிலத்தில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். எத்தனை குண்டூசி ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது உங்களையே திடுக்கிட வைக்கும்.

கேள்வி: பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். குழுக்கடன் எடுத்துத் தொழிலைப் பெருப்பிக்கச் சொல்கிறார்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டுமாம். எடுக்கலாமா? — சுன்னாகம்

பதில்: கடைக்காரர் உங்களுக்கு எத்தனை நாளில் காசு தருகிறார் என்று முதலில் பாருங்கள். மாதமுடிவில் காசு தருபவருக்குப் பலகாரம் போட்டுவிட்டு, கிழமைக் கட்டுக்காசு கட்டினால், இடைப்பட்ட மூன்று கிழமைக் காசும் பிள்ளைகளின் பால்மாவிலிருந்தும் அடைவு வைத்த நகையிலிருந்துமே வரும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை வடக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் பலகாரம் சுட முடியாது. கட்டுக்காசு மட்டும் தவறாமல் படலைக்கு வரும். இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: என் மருமகள் கேக் செய்து விற்கிறாள். எந்நேரமும் கையில் போன். இரண்டு வயதுப் பேரன் என்னிடமே நிற்கிறான். எனக்கோ முழங்கால் நோ. தொழிலை விடச் சொன்னால் வீட்டில் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது. — கரவெட்டி

பதில்: அம்மா, உங்கள் மருமகள் நெல்லியடியில் ஒரு கடை வைத்திருந்தால் “ஏன் எந்நேரமும் கடையில் இருக்கிறாய்” என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் போன்தான் அவருடைய கடை. ஆனால் கடைக்கும் பூட்டும் நேரம் உண்டு. இரவு ஏழு மணிக்குப் பின் ஓடர் எடுப்பதில்லை என்று அவர் வைத்துக்கொள்ளலாம் என்பதை நீங்களே சொல்லலாம். அதில் சண்டைக்கு இடமில்லை.

தொழிலை விடச் சொல்லாதீர்கள். முழங்கால் நோவை மறைக்கவும் வேண்டாம். ஓடித்திரியும் இரண்டு வயதுக்காரனைத் தூக்கித் திரிவது உங்களால் முடியாது, உட்கார்ந்திருந்து பார்ப்பது முடியும் என்பதை மருமகளிடமும், முக்கியமாக மகனிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களது கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகன் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. கேக் அடித்து வேகவைக்கும் நேரத்தில் பேரன் உங்களோடு திண்ணையில் இருக்கட்டும். ஐசிங் செய்யும் பின்னேரங்களில் அவனை வளவுக்குள் ஓட்டித்திரிய தகப்பன் வரட்டும்.