வேபாயிண்ட்: இந்த வாரக் கேள்விகள்

மடிப்பாக்கத்திலிருந்து: அண்ணா, கூகுள் எர்த்தில் உயரம் பார்த்து என் ட்ரோனுக்கு வேபாயிண்ட் (அது தானே பறந்துபோக முன்கூட்டியே குறித்துவைக்கும் புள்ளி) போடுகிறேன். இதுவரை சரியாகத்தான் பறக்கிறது. இதில் தப்பு உண்டா?

சென்னையில் பறப்பதால்தான் சரியாக இருக்கிறது தம்பி. கூகுள் எர்த் காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். பெரும்பாலான ஆப்கள் கேட்பது கிளம்பிய இடத்திலிருந்து உயரம். நம்மூர்த் தரை கடலுக்குச் சில மீட்டர்தான் மேலே, அதனால் இரண்டு எண்ணும் ஒன்றுபோலத் தெரியும். பெங்களூரில் தரையே 900 மீட்டர். அங்கே போனால் கதை வேறு.

இதைவிடப் பெரிய வம்பு, சேமித்து வைத்த பாதை. நாலு மாடி மொட்டை மாடியில் நின்று 25 மீட்டர் என்று போட்டிருப்பீர்கள், தென்னை மரங்களுக்கு மேலே அழகாகப் போகும். அடுத்த வாரம் அதே பாதையைத் தெருவிலிருந்து கிளப்பினால், கட்டடத்தின் உயரம் 12 மீட்டர் என்றால் பாதை முழுக்க 12 மீட்டர் இறங்கிவிடும். தென்னைக்கு மேலே போனது இப்போது மட்டைக்குள் போகும். நானே செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குன்றின் மேலிருந்து போட்ட பாதையை மறுநாள் அடிவாரத்திலிருந்து கிளப்பி, இரண்டு இறக்கைகளைப் பாறைக்குக் கொடுத்தேன். கிளம்பும் இடம் மாறினால் பாதையும் மாறும்.

அரும்பாக்கத்திலிருந்து: 60 ஆயிரத்துக்குள் எந்த ட்ரோன் வாங்கலாம் சார்?

வாங்குவது என் துறை இல்லை. வேபாயிண்ட் வசதி அந்த மாடலுக்கு உண்டா என்று மட்டும் வாங்குமுன் பாருங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை.

ஈஞ்சம்பாக்கத்திலிருந்து: விடியற்காலையில் கடல் மேல் 900 மீட்டர் போய்த் திரும்பப் பாதை போட்டிருக்கிறேன். காலையில் காற்று இருக்காதுதானே?

இருக்கும். மதியம் கடலிலிருந்து வருகிற காற்று, விடியலில் பல நாட்கள் கரையிலிருந்து கடலுக்குப் போகும். போகும்போது முதுகில் தள்ளிவிடும், பேட்டரி குறையவே இல்லையே என்று சந்தோஷப்படுவீர்கள். திரும்பும்போது அதுவே முகத்தில் அடிக்கும். ட்ரோனின் உச்ச வேகம் வினாடிக்கு 12 மீட்டர், எதிர்க்காற்று 9 என்றால், மிச்சம் 3. அமைதியான நாளில் 75 வினாடியில் வரவேண்டிய தூரத்துக்கு 5 நிமிடம். மேலே போகப் போகக் காற்று கூடும், மணலில் நின்று கணக்குப் போடாதீர்கள். அது கிடக்கட்டும், 900 மீட்டரில் ட்ரோன் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? பாதையைச் சுருக்குங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: என்னுடையது 249 கிராம். விதி எதுவும் கிடையாதே?

2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ. பைலட் சான்றிதழ் வேண்டாம், அதற்காக விதியே இல்லை என்று ஆகாது. சிவப்பு மண்டலம் (மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத இடம்) நானோவுக்கும் சிவப்புதான். மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், துறைமுகம் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பாதை போடுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: ரிமோட் சிக்னல் போனால் 'பயணம் தொடரட்டும்' என்றே வைத்திருக்கிறேன். ஏரிக்கு மறுகரையில் மரங்களுக்குப் பின்னால் சிக்னல் அரை நிமிடம் போகும், வந்துவிடும். திரும்பி வரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பாதியில் ஓடி வருகிறது.

நியாயம்தான்.

போரூரிலிருந்து: என்ன சார் நியாயம்? கட்டுப்பாடு போன பிறகும் மேலே போகவிடுவதா? ஓட்டுநர் இல்லாத பஸ் மாதிரி!

திரும்பி வரும் பஸ்ஸில் மட்டும் ஓட்டுநர் இருக்கிறாரா? வீடு திரும்பும்போது, அதாவது கிளம்பிய இடத்துக்கு வரும்போது, ட்ரோன் பெரும்பாலும் வந்த வழியே வராது. நீங்கள் வைத்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் வரும். அந்தக் கோட்டில் செல்போன் டவர் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? புள்ளி புள்ளியாக நீங்கள் பார்த்துப் போட்ட பாதை அதைவிட நம்பகமானது.

போரூர்: அப்படியானால் திரும்பும் உயரத்தைக் கூட்டி வைக்கலாமே. 60 மீட்டர் வைத்தால் எந்த டவர்?

அதுவும் சரி. அந்த வட்டாரத்தில் அனுமதித்த உயரத்துக்குள் இருந்தால் வையுங்கள். ஆனால் அம்பத்தூர்க்காரர் பிரச்சினை டவர் இல்லை, மரம்.

அம்பத்தூர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

போரூர்: சிக்னல் திரும்ப வராவிட்டால்?

நல்ல கேள்வி. அம்பத்தூர், கடைசிப் புள்ளியில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறீர்கள்?

பெரம்பூரிலிருந்து: சார், உயரம் கடல் மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா?

முதல் பதில்.

குரோம்பேட்டையிலிருந்து: மூலையில் ட்ரோன் புள்ளியைத் தொடாமல் வளைந்து போகிறதே?

வளைவுத் திருப்பம் வைத்திருக்கிறீர்கள். கட்டடத்தின் மூலையை ஒட்டிப் போட்டால், வெட்டிக்கொண்டு சுவருக்குள் போகும். 'நின்று திரும்பு' என்று மாற்றுங்கள், அல்லது புள்ளியை வெளியே தள்ளுங்கள். பக்கவாட்டு சென்சாரை நம்பாதீர்கள். மாஞ்சா நூல் அதற்குத் தெரியாது.

ஆவடியிலிருந்து: போன வாரப் பாதையை வேறு மைதானத்திலிருந்து கிளப்பலாமா? உயரம் அதேதானே?

முதல் பதிலைப் படியுங்கள். கடைசி வரி வரை.

அம்பத்தூர்: பார்த்தேன் அண்ணா. கடைசிப் புள்ளியில் 'அங்கேயே நில்' என்று இருக்கிறது. அந்தப் புள்ளி மரங்களுக்குப் பின்னால்.

பேட்டரி தீரப்போகிற வரைக்கும் உங்கள் கண்ணில் படாமல் அங்கேயே தொங்கியிருக்கும். 'வீடு திரும்பு' என்று மாற்றுங்கள், கடைசிப் புள்ளியை இந்தக் கரைக்குக் கொண்டுவாருங்கள். போரூர், இந்த ஒன்று உங்களுக்கு.