விவசாய நிலத்தை மனையாக்க ‘மூன்று மாதம், 9 லட்சம்’: தரகரை நம்பலாமா?

கேள்வி: பூந்தமல்லிக்கு அப்பால் எங்கள் பூர்வீக நிலம் 62 சென்ட் இருக்கிறது. பட்டா என் பெயரில். இருபது வருடமாகப் பயிர் வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் வீடுகள் வந்துவிட்டன. மகள் கல்யாணத்துக்காக மனை போட்டு விற்க நினைத்தால், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைபடத்தில் ‘விவசாயம்’ என்று இருப்பதாகச் சொல்கிறார்கள். 9 லட்சம் கொடுத்தால் மூன்று மாதத்தில் குடியிருப்பாக மாற்றித் தருகிறேன், எனக்கு பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்கிறார் ஒரு தரகர். ஆபீஸில் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? இவரை நம்பலாமா?

பதில்: முதலில், அந்தப் பவரில் (அதிகாரப் பத்திரத்தில்) கையெழுத்துப் போடாதீர்கள். மீதி எல்லாம் அதற்குப் பிறகு.

‘விவசாயம் என்று இருப்பதாகச் சொல்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? தரகரா, நீங்களே பார்த்ததா? பட்டாவில் நன்செய், புன்செய் என்று இருப்பது வருவாய்த் துறையின் கணக்கு. மாஸ்டர் பிளானில் (எந்த இடம் எதற்கு என்று சிஎம்டிஏ வகுத்த திட்டத்தில்) விவசாய ஜோன், அதாவது விவசாய மண்டலம், என்று இருப்பது திட்டமிடல் கணக்கு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பட்டாவில் நன்செய் என்றே இருக்கும், மாஸ்டர் பிளானில் குடியிருப்பாக இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதே இல்லை, நேராக மனைப்பிரிவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றவே தேவையில்லாத நிலத்தை ‘மாற்றிக் கொடுத்ததாக’ லட்சக்கணக்கில் வாங்கியவர்கள் இந்த ஊரில் உண்டு. எதிர்த்திசையிலும் இதே ஏமாற்று நடக்கிறது. தாசில்தார் ஆபீஸில் ஒரு காகிதம் வாங்கி வந்து ‘கன்வர்ஷன் முடிந்தது’ என்பார்கள். ஜோன் அப்படியே இருக்கும்.

சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் நில உபயோகம் தெரியும். அங்கே ஒரு சிக்கல். நடப்பிலுள்ள இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பர் 2-ல் வந்தது. அதற்குப் பிறகு உட்பிரிவான எண்ணைத் தட்டினால் விவரம் வராமல் போகலாம். அப்பா காலத்துப் பத்திரத்தில் இருக்கும் தாய் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரே எண்ணில் சாலையோரத் துண்டு குடியிருப்பாகவும் பின்பகுதி விவசாயமாகவும் இருப்பதும் உண்டு.

விவசாய ஜோன்தான் என்று உறுதியானால், நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்குமொழியில் ரீகிளாசிஃபிகேஷன். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் இது நடக்கிறது. இது உங்களுக்குத் தரும் சலுகை என்று நினைக்க வேண்டாம். அரசு ஒப்புதல் பெற்ற மாஸ்டர் பிளானையே அந்த ஒரு துண்டு அளவுக்குத் திருத்துகிறார்கள். அதனால்தான் தளஆய்வு, துறைகளின் கருத்து, ஆட்சேபம் கேட்டுப் பொது அறிவிப்பு, தொழில்நுட்பக் குழு, அதன் பிறகு சிஎம்டிஏவின் ஆணையம் என்று கோப்பு நடக்கிறது. ‘மேலே ஒரு ஆளைத் தெரியும்’ என்று உங்கள் தரகர் சொன்னால், அந்த ஒரு ஆள் எழுதி முடிகிற கோப்பில்லை இது.

அத்தனை பேரும் பார்ப்பது பெரும்பாலும் மூன்று விஷயம்தான்: பாதை, தண்ணீர், அக்கம்பக்கம்.

பாதை என்றால் பொதுச்சாலை. பரம்பரையாக மாட்டுவண்டி போன பாதை, பங்காளி நிலத்து வரப்பு, ‘யாரும் தடுத்ததில்லை சார்’ வகைப் பாதை எதுவும் கணக்கில் வராது.

அக்கம்பக்கத்தைப் பற்றி நீங்கள் தெம்பாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடுகள் அனுமதி வாங்கிக் கட்டியவையா? அனுமதியில்லாத வீடுகள் நூறு இருந்தாலும் உங்கள் விண்ணப்பத்துக்கு அது வாதம் ஆகாது. அங்கே அனுமதி பெற்ற மனைப்பிரிவு ஒன்று இருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். சிஎம்டிஏ லேஅவுட் என்றால் ‘பிபிடி/எல்ஓ’ என்று தொடங்கி எண்ணும் ஆண்டும் இருக்கும். இருபது வருடம் பயிர் வைக்கவில்லை என்பதை எல்லோரும் பெரிய காரணமாக எழுதுகிறார்கள். தரிசாகக் கிடப்பதால் மட்டும் ஜோன் மாறாது.

கோப்புகள் கவிழ்வது பெரும்பாலும் தண்ணீரில்தான். உங்கள் பகுதி செம்பரம்பாக்கம் ஏரியின் அக்கம்பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நீர்வளத் துறையின் கருத்து இல்லாமல் இந்த மாதிரிக் கோப்பு நகர்வதில்லை. உங்கள் நிலத்தின் எஃப்எம்பி ஸ்கெட்ச்சை (நில அளவை வரைபடத்தை) இன்றைக்கே இணையத்தில் எடுத்து விரித்துப் பாருங்கள். நேரில் போனால் வாய்க்கால் இருக்காது. தூர்ந்து போய் அதன்மேல் யாரோ சிமென்ட் ரோடு போட்டிருப்பார்கள், மாடு கட்டியிருப்பார்கள். எஃப்எம்பியில் அந்த வாய்க்கால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அது உங்கள் எல்லையை ஒட்டிப் போகிறதா, குறுக்கே வெட்டுகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. ஒட்டிப் போனால் அகலத்தை விட்டுவிடு, இத்தனை உயரம் மண் கொட்டி மேடாக்கு, சிறுபாலம் கட்டு என்று நிபந்தனையோடு தடையின்மைச் சான்று வரலாம். குறுக்கே போனால் 62 சென்ட்டில் எத்தனை மனை தேறும் என்று பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் மூன்று மாதம் என்று கெடு சொல்கிறவர் உங்கள் நிலத்தையே பார்க்காதவர்.

மூன்று மாதம் என்பது எப்படியும் நடக்காது. ஒற்றைச் சாளரம் என்று பெயர்தான் இருக்கிறது. அதே எஃப்எம்பியை, அதே பட்டாவை ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கேட்கும். அரசாங்கத்தின் சர்வரில் இருக்கும் ஆவணத்தை அரசாங்கத்துக்கே நகலெடுத்து, சான்றொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். கேட்டால் ‘நடைமுறை’ என்பார்கள். 2022-ல் சென்னைப் பெருநகரத்தின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். பழைய எல்லைக்குள் இருக்கும் உங்கள் துண்டுக்கு 2008-ல் பூசிய நிறம் இன்றைக்கும் பொருத்தமா என்று யாரும் தானாக முன்வந்து பார்ப்பதில்லை. பார்க்க வைக்கும் வேலையும் செலவும் உங்களுடையது. இந்தத் தாமதம்தான் தரகருக்கு மூலதனம்.

ஆணையம் ஒப்புக்கொண்டாலும் ஜோன் மாறிவிட்டதாக அர்த்தமில்லை. அரசிதழில் வர வேண்டும். அந்த அறிவிப்பில் கிராமத்தின் பெயர், சர்வே எண், ‘விவசாய உபயோக ஜோன்’ என்பது ‘குடியிருப்பு உபயோக ஜோன்’ என மாற்றப்படுகிறது என்ற வரி, அதன் கீழே நிபந்தனைகள் எல்லாம் இருக்கும். உங்கள் எண் அந்தப் பக்கத்தில் அச்சாகி வரும் வரை, தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எந்தக் கடிதமும், ‘ஃபைல் டேபிளுக்கு வந்துடுச்சு’ என்ற எந்தச் செய்தியும் வெறும் பேச்சு. பணத்தைத் தவணையாகத்தான் கொடுப்பீர்கள் என்றால் கடைசித் தவணையை அரசிதழ் நகலோடு கட்டிப் போடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அரசிதழ் வந்த பிறகும் மனையாகப் பிரிக்கத் தனியாக மனைப்பிரிவு அனுமதி வாங்க வேண்டும். ஜோன் மாற்றமும் லேஅவுட் அனுமதியும் ஒன்றல்ல. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. உங்கள் 62 சென்ட் சுமார் 2,509 சதுர மீட்டர். ஆகவே ரெரா உங்களுக்கும் உண்டு. அதே அளவில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பூங்காவுக்கு 10 சதவீதம் விடும் ஓஎஸ்ஆர் விதி 3,000 சதுர மீட்டருக்கு மேல்தான். ‘ஓஎஸ்ஆருக்குத் தனியாகப் பணம் கட்டணும்’ என்று தரகர் ஒரு தொகை சொன்னால் அது அவர் பைக்குப் போகும் தொகை.

இந்த வழி நீளம் என்று தெரிந்ததும் அவர் குறுக்குவழி சொல்வார். என்னென்ன சொல்வார் என்று இப்போதே சொல்கிறேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல் வாங்கிடலாம்’ என்பார். லேஅவுட் அனுமதிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, அவர் முத்திரை வைத்த வரைபடம் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும். ‘இப்போ சுயசான்று வந்தாச்சு, ஜோனெல்லாம் பார்க்கிறதில்லை’ என்பார். 2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கு. அது விவசாய ஜோனைக் குடியிருப்பாக்காது. ‘மூன்றாவது மாஸ்டர் பிளானில் உங்க ஏரியா மஞ்சளாகிடும், அதைக் காட்டி விற்கலாம்’ என்றும் சொல்வார். மஞ்சள் என்றால் வரைபடத்தில் குடியிருப்பின் நிறம். வரைவு வெளியாகி மக்கள் கருத்துக் கேட்கும்போது உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மனு கொடுத்து வையுங்கள், அது நல்லது. வராத பிளானின் நிறத்தைக் காட்டி யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது இது: ‘அஞ்சு அஞ்சு சென்ட்டா பிரிச்சு விவசாய நிலம்னே பத்திரம் போட்டுடலாம், அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்.’ இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி அனுமதியில்லாத வீட்டுமனையைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. முன்பே வீட்டுமனை என்று பதிவான மனையானால் அதை மறுபடி பதியலாம் என்று அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. 2017-ல் வந்த வரன்முறை விதிகளும் (அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்துபவை) ஒரு வாசலைத் திறந்தன, ஆனால் 2016 அக்டோபர் 20 என்ற தேதி அந்த வாசலில் நிற்கிறது. அன்றைக்கோ அதற்கு முன்போ பதிவுப் பத்திரத்தின் மூலம் விற்ற மனைக்கு வரன்முறை உண்டு. அன்றைக்குள் ஒரு மனையாவது அப்படி விற்றிருந்த லேஅவுட் என்றால், அதில் விற்காமல் மிஞ்சிய மனைகளும் உள்ளே வரும். விண்ணப்பிக்கும் கெடுவைப் பலமுறை நீட்டினார்கள். ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் தரகர்கள் ‘வரன்முறை திரும்ப வந்துடுச்சு’ என்று போன் போடுவார்கள். நீண்டது விண்ணப்பக் கெடுதான், 2016 அக்டோபர் 20 என்ற தேதி இல்லை. உங்கள் நிலம் அன்றைக்கு முழு 62 சென்ட்டாக, ஒரு மனைகூட விற்காமல் இருந்தது என்றால் அந்த விதிகள் உங்களுக்கு இல்லை. வில்லங்கச் சான்றைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்றைக்குப் பிரித்து விற்றால் வாங்கினவருக்குத் திட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது. அவர் தரகரைத் தேடிப் போக மாட்டார். பத்திரத்தில் விற்றவர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும், உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

விண்ணப்பத்தை நீங்களே போடலாம். வரைபட வேலைக்குப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ நகரமைப்பாளரோ வேண்டும், அவருக்குக் கூலி கொடுங்கள், ரசீது வாங்குங்கள். உங்களுக்காக ஆபீஸுக்குப் போய்வர ஒருவர் தேவையென்றால் விண்ணப்பத்தைத் தொடர்வதற்கு மட்டும் என்று எழுதிய அங்கீகாரக் கடிதம் போதும். விற்கும் உரிமையுள்ள பொது அதிகாரப் பத்திரம் எதற்கு? கோப்பு நகராமல் நின்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்: நீர்வளத் துறை என்ன எழுதியது, தொழில்நுட்பக் குழு என்ன குறித்தது, கோப்புக் குறிப்பு நகல் வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பாதைப் பிரச்சினை என்றால் பக்கத்து நிலக்காரரோடு பேசிச் சாலைக்கு இடம் எழுதி வாங்கி மறுபடி போகலாம். தண்ணீர்ப் பிரச்சினை என்றால் அநேகமாக முடியாது.

கல்யாணச் செலவை இந்த நிலத்தின் மனை விலையை வைத்துப் போடாதீர்கள். கோப்பு முடியும் தேதி யாருக்கும் தெரியாது. பணம் இந்த வருடமே தேவையென்றால், 62 சென்ட்டையும் ஒரே பத்திரத்தில், விவசாய நிலமாகவே, ஜோன் விவரத்தை வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும்தான். பவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், பதிவு செய்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, தரகருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அது வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று அடுத்த வாரமே பாருங்கள். அவர் பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரத்து அவ்வளவு சுலபமில்லை, நோட்டீஸுக்கு முன்பே வக்கீலிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.