ரப்பர் பால் கறைக்கு எலுமிச்சை ஆகுமா? – டோபி கடை அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் இன்னும் பால்மரம் வெட்டப் போகிறார், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அன்றைக்கு நல்ல சட்டை ஒன்றில் ரப்பர் பால் சிந்திவிட்டது. கைப்பேசியில் பார்த்தபடி எலுமிச்சைச் சாறும் வினிகரும் கலந்து உடனே ஊற்றினேன். கறை போகவில்லை, தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. இயற்கை முறையில் வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, கூலிம்

பதில்: ரப்பர் பாலை உறையவைக்கிற தோட்டத்து ஸ்டோரில் நடக்கிற வேலையைச் சட்டையிலேயே நடத்திவிட்டீர்கள், தங்கச்சி! வீட்டுக்காரரைக் கேளுங்கள், சொல்வார். தோள் தடியில் தூக்கும் காண்டா வாளியில் வந்த பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஃபார்மிக் அமிலத்தை விட்டால்தானே அது தயிர் மாதிரி உறைகிறது? எலுமிச்சையும் வினிகரும் அதே அமில ஜாதி. பால் உறையாமல் இருக்கவேண்டும் என்றால் அமோனியா விடுவார்கள், அது அமிலத்துக்கு நேரெதிரான காரம். சவர்க்காரமும் காரம்தான். அதனால் பால் சிந்திய உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, சவர்க்காரம் போட்டுக் கசக்கினாலே பெரும்பாலும் போய்விடும். நேரம் போனால் பால் தானாகவே உறைந்துவிடும், அதற்கு யாரும் எலுமிச்சை பிழியத் தேவையில்லை.

சரி, இனி உறைந்த கறைக்கு வருவோம். முதலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் நூலுக்குள் இறங்கும். காய்ந்த பிறகு ஓரத்தில் நகத்தை விட்டு மெதுவாக உரித்தால் ஒட்டுப்பால் மாதிரி இழுபட்டு வரும். மிச்சம் இருக்கிற பிசினில் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறித் தளர்ந்துபோகும். எண்ணெய்ப் பொட்டலத்தில் போட்ட ரப்பர் பேண்டு கொழகொழத்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். காலையில் மழுங்கிய கத்தியால் சுரண்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு எண்ணெயை எடுங்கள். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்போம். வேலை முடியும், ஆனால் நாற்றம் போக மூன்று நாள் ஆகும், அடுப்புப் பக்கமும் போகக்கூடாது.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா சேலைமேல் ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போவார். அதன் முன்பக்கம் பால் படிந்து படிந்து, கழற்றி வைத்தால் வாசல் மூலையில் தானாக நிற்கும். சாயங்காலம் நானும் தம்பியும் அதிலிருந்து உரித்து உருட்டிப் பந்து செய்வோம். அந்தச் சட்டையை வெளுக்கவேண்டும் என்று அம்மா ஒரு நாளும் நினைத்ததில்லை. நல்ல சட்டையை எதற்குப் பால்மர நிரைக்குப் போட்டுக்கொண்டு போனார் என்று உங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

கேள்வி: சோடா மாவு, வினிகர், எலுமிச்சை, பாத்திர சோப்பு எல்லாம் கலந்து போத்தலில் அடைத்து வைத்தேன். ராத்திரி மூடி பறந்து மோட்டுவளையில் அடித்தது. அளவு தப்பா?
– ஒரு வாசகர், தெலுக் இந்தான்

பதில்: அளவு தப்பில்லை தம்பி, கூட்டுத்தான் தப்பு. சோடா மாவு காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் பொங்கும். அது கரியமில வாயு, அழுக்குப் போவதற்கு அடையாளம் இல்லை. பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று, இரண்டின் குணமும் அதில் இருக்காது. மூடி போட்டால் வெடிக்கத்தான் செய்யும். பார்க்க நன்றாக இருக்கிறது என்றுதான் வீடியோவில் காட்டுகிறார்கள் போல.

கடையில் முப்பது வருஷம் நான் செய்தது இவ்வளவுதான். இரண்டு கரண்டி சோடா மாவு, ஒரு கரண்டி பாத்திர சோப்பு, குழைகிற அளவுக்குத் தண்ணீர். கழுத்துப்பட்டி, கக்கம், குழம்பு எண்ணெய் பட்ட இடம், செம்பனை எண்ணெய் பட்ட இடம் எல்லாவற்றிலும் பூசி அரை மணி நேரம் கழித்துப் பழைய பல் தூரிகையால் தேய்க்கவேண்டும். தேவைக்குத் தேவை குழைத்துக்கொள்ளுங்கள், சேர்த்து வைக்காதீர்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது வேண்டாம்.

பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை. பத்துக் கொட்டையை விதை நீக்கி, இரண்டு குவளைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் தண்ணீர் விட்டு நீர்த்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் பழுப்பாக இருக்கும், வெள்ளைத் துணியில் ஓரத்தில் தொட்டுப் பார்க்காமல் ஊற்றவேண்டாம். சேலைக்கும் அதே எச்சரிக்கைதான், முந்தானையின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. இந்த வினிகர், எலுமிச்சை எதையும் குளோராக்ஸ் வெளுப்பு நீரோடு கலக்கவே கலக்காதீர்கள். வருகிற குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

கேள்வி: மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் மீன் குழம்பு கொட்டிவிட்டது. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகிவிட்டது. பயந்து எடுத்து வைத்துவிட்டேன்.
– ஒரு வாசகி, பகாவ்

பதில்: பயப்படாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வரும் இல்லையா, அதே வித்தைதான். சோப்பின் காரம் பட்டு மஞ்சள் சிவந்திருக்கிறது. நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். முதலில் மேலே சொன்ன குழைவால் எண்ணெயை எடுங்கள். பிறகு ஈரத்தோடு வெயிலில் கறை மேலே தெரியும்படி போடுங்கள். வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் தாங்காது. நம் மலேசியாவில் மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் காலை எட்டு மணிக்கே கொடியில் இருக்கவேண்டும். இரண்டு மூன்று வெயில் தேவைப்படலாம். செம்பனை எண்ணெயின் ஆரஞ்சு நிறமும் இப்படியே மங்கும்.

கேள்வி: கொடிக் கம்பியின் துரு, இரத்தம், வாழைக் கறை. மூன்றுக்கும் ஒரே மருந்து உண்டா?
– ஒரு வாசகி, பந்திங்

பதில்: கிடையாது. துருவுக்குத்தான் எலுமிச்சை. சாறும் உப்பும் வைத்து வெயிலில் போட்டு, பிறகு அலசவேண்டும், வெள்ளைத் துணிக்கு மட்டும். எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், பெலிம்பிங் பூலோ என்கிற புளிப்புக் காயை நசுக்கித் தேய்ப்பார். அதன் புளிப்பும் துருவைக் கரைக்கும். மரம் இருந்தால் காய் சும்மாவே கிடைக்கும்.

இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு. வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி வெந்து நூலில் பிடித்துக்கொள்ளும்.

வாழைக் கறை பட்ட உடனே தெரியாது, காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். கறுப்பதற்கு முன்னால் துவைத்தால் உண்டு. கறுத்துவிட்டதா? அந்தச் சட்டையைத் தார் வெட்டும் சட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது.