பிரவுன் போரோனியா: வேர் குளிர்ந்தால் பூ மணக்கும்

கேள்வி (மெல்பர்ன்): நர்சரியிலிருந்து வாங்கி எங்கள் களிமண் தோட்டத்தில் நட்ட போரோனியாப் பூச்செடி நன்றாகத்தான் இருந்தது. தினமும் தண்ணீர் விட்டும் கோடையில் ஒரே வாரத்தில் வாடிக் காய்ந்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் முதலில் வேரழுகலைத்தான் சந்தேகிக்க வேண்டும். பைட்டாப்தரா என்னும் நுண்ணுயிரி, நீர் தேங்கிய வெதுவெதுப்பான மண்ணில் வேகமாகப் பரவும். வேரைத் தோண்டிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிகள் பழுப்பாகிக் குழைந்திருந்தால் அதுதான் காரணம். அந்த இடத்தில் மறுபடி போரோனியா நடாதீர்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில், மழைக்காலத்தில் நீர் ஊறும் மணல் தாழ்வுகளில் வளரும் மணப்பூப் புதர் இது. அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் நிறைய. அங்கே ஈரம் மணலுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. உங்கள் களிமண்ணில் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் வேறோர் இடத்தில் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டுங்கள். பருமணலும் பொடித்த பைன் பட்டையும் கலந்த, லேசான அமிலத்தன்மையுள்ள மண் போதும். நடும்போது வேர்க்கட்டியைப் பிரிக்கவே கூடாது. மேலே 5 செ.மீ. மரப்பட்டை மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல். வேர்ப்பக்கம் இரண்டு மூன்று தட்டைக் கற்களை வைத்தால் மண் சூடேறாது. களையைக் கையால் பிடுங்குங்கள், கொத்தாதீர்கள்.

கேள்வி (பெர்த்): தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக. தண்ணீரும் நிழலும் உங்கள் கையில் இருப்பதால் பல வீடுகளில் தரையைவிடத் தொட்டியே நல்லது. 30 செ.மீ. அகலத் தொட்டி, ஆஸ்திரேலியச் செடிகளுக்கென்றே விற்கும் தொட்டி மண். காலை வெயில் படட்டும், பிற்பகல் வெயில் வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி கோடையில் வேரை அவித்துவிடும். வெளிர் நிறத் தொட்டி வாங்குங்கள். அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்காதீர்கள். ஒரே ஒரு முறை முழுக்கக் காய்ந்துபோனாலும் இந்தச் செடி பெரும்பாலும் மீளாது.

கேள்வி (அடிலெய்ட்): என்ன உரம் போடுவது?

பதில்: பாஸ்பரஸ் குறைந்த, மெல்லக் கரையும் உரம், பூ முடிந்ததும் கொஞ்சம். கோழி எரு வேண்டாம்.

கேள்வி (சிட்னி): மனைவிக்குப் போரோனியாப் பூவின் வாசனை வீடு முழுக்க வருகிறதாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. செடியில் கோளாறா?

பதில்: செடியில் ஒரு கோளாறும் இல்லை ஐயா. இந்த மணத்தில் பீட்டா அயனோன் என்ற பொருள் முக்கியமானது. அதை உணரும் திறன் பரம்பரையால் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அது எட்டவே எட்டாது. எட்டுகிறவர்களுக்கும் சற்று நேரத்தில் மூக்கு பழகி மங்கிவிடும். விலகிப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி மணக்கும். எதற்கும் ஓர் இலையைக் கசக்கிப் பாருங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்துச் செடி இது, இலையில் வேறொரு வாசம் உண்டு.

கேள்வி (ஹோபார்ட்): கிளைகள் நீண்டு, அடி மொட்டையாகிவிட்டது. எவ்வளவு வெட்டலாம்?

பதில்: வசந்தத்தில் பூ உதிர்ந்த கையோடு மூன்றில் ஒரு பங்கு. இலையுள்ள பகுதியோடு நிறுத்துங்கள். இலையில்லாத பழைய கட்டைக்குள் வெட்டினால் அது துளிர்ப்பது அபூர்வம். தாமதித்து வெட்டினால் அடுத்த ஆண்டின் பூவும் போய்விடும். பூங்கிளைகளைப் பறித்து வீட்டுக்குள் வைப்பதும் கவாத்துதான், தயங்காமல் பறியுங்கள்.

நல்ல கவனிப்பிலும் தோட்டத்தில் இது சில ஆண்டுகளே நிற்கும். அதனால் செடி நன்றாக இருக்கும்போதே புதுச் செடிக்கான குச்சிகளை வெட்டி நட்டு வையுங்கள். கோடை முடிவில், இளந்துளிர் சற்று முற்றியதும் 7 செ.மீ. நுனிகளை வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, வேர் ஹார்மோன் பொடியில் தோய்த்து, மூன்று பங்கு பெர்லைட்டும் (லேசான வெள்ளை எரிமலைத் துகள்) ஒரு பங்கு தென்னை நார்த்தூளும் கலந்து அதில் செருகுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் மூடி நிழலில் வைக்கவும். வேர்விட இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். இடையில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். எல்லாம் பிழைக்காது, பத்துக் குச்சியாவது செருகுங்கள்.