ஜெர்மனியில் ஒரு மாநிலத் தேர்தல் மத்திய ஆட்சியையே மாற்றிவிடுமா?

நேரடியாக மாற்றாது. ஆனால் 2005-ல் அதுதான் நடந்தது.

அந்த ஆண்டு மே 22-ல் வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் தேர்தல். ஜெர்மனியிலேயே மக்கள்தொகை அதிகமான மாநிலம் அது. ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் இருந்த இடம். 39 ஆண்டுகளாக சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அது சரிந்தது. வேலையில்லாதோர் எண்ணிக்கை அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நாடு முழுவதும் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வேலையில்லாதோர் உதவித்தொகையைக் குறைத்த, மத்திய அரசின் ‘ஹார்ட்ஸ் 4’ சட்டத்தின் மீது தொழிலாளர்களுக்குக் கடும் கோபம்.

அதே கட்சியைச் சேர்ந்தவர்தான் சான்சலர், அதாவது மத்திய அரசின் தலைவர், ஷ்ரோடர். அவரது பதவிக்காலம் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. இருந்தும் அன்று மாலையே முன்கூட்டித் தேர்தல் என்று அறிவித்தார்.

அங்கே சான்சலர் நினைத்தவுடன் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட முடியாது. அதனால் ஷ்ரோடர் ஜூலை 1-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு கோரி, வேண்டுமென்றே தோற்றார். தன் கட்சியினரையே வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கச் சொன்னார். குடியரசுத் தலைவர் கோலர் அவையைக் கலைத்தார். அரசியல் சாசன நீதிமன்றமும் அதை ஏற்றது. எனக்கு இன்றும் இது நெருடல்தான், விதியின் சொல்லைக் காப்பாற்றி அதன் நோக்கத்தை வளைத்த வேலை.

செப்டம்பரில் ஷ்ரோடர் கட்சி 34.2 சதவீதம், எதிரணி 35.2. கடைசியில் இரண்டும் கூட்டணி சேர்ந்தன, நவம்பர் 22-ல் எதிரணித் தலைவி மெர்க்கல் சான்சலரானார்.

அப்புறம், மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அமரும் மேலவையான புண்டெஸ்ராட்டை மறக்கக் கூடாது. மாநிலத்தில் ஆட்சி மாறினால் அங்கே வாக்குகளும் இடம் மாறும், பல சட்டங்கள் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.